நாற்பது பவுன் மாப்பிள்ளை

"தம்பிக்குச் சம்பளம் இருபத்தஞ்சாயிரந்தாங்க. டிப்ஸ்தான் மாசம் ஒரு லட்சம். பெரிய ஹோட்டல்ல சர்வருங்களுக்கெல்லாம் கேப்டனாச்சே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. என்னைப் பெண் பார்க்க, துறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தார்கள்.

அந்த ஒரு லட்சத்துக்காக நாற்பது பவுன் கேட்டார்கள். அப்பாவிடம் இருந்தது பதினைந்து.

"டிப்ஸுக்கு வரி கட்டுறீங்களா தம்பி?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

மாப்பிள்ளை இளவரசன் சிரித்தார். "அதுக்கெல்லாம் யாருங்க மாமா வரி கட்டுவாங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

"பொண்ணுக்கு ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ்னு தரகர் சொன்னாரே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்கம் டாக்ஸ் ஆபீஸுங்க" என்றார் அப்பா.

இளவரசன் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"வருமானத்தை மறைச்சா வரி, வட்டி, அதுக்கு மேல வரியைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம்" என்றேன், கேசரித் தட்டைப் பார்த்தபடி.

"டிப்ஸெல்லாம் ஒரு பைசா வராதுங்க. அம்மா சும்மா சொல்றாங்க" என்றார் இளவரசன்.

"அப்போ வெறும் சம்பளந்தானா? பதினஞ்சு பவுன் போதுமில்லீங்களா சம்பந்தி?" என்றார் அப்பா.

"தாராளமாப் போதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மகனை முறைத்தபடி.

அப்பா பொய் சொல்லவில்லை. நான் வேலை பார்ப்பது அந்த அலுவலகத்தில்தான். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, அங்கே கேன்டீனில் காபிக்கு பில் போடுகிறேன். அபராதக் கணக்கெல்லாம் அதிகாரிகள் காபி குடித்துக்கொண்டே பேசுவது.

போகும்போது மீதிச் சில்லறையை எனக்கே விட்டுப்போவார்கள். அதை இதுவரை நான் எங்கும் கணக்குக் காட்டியதில்லை.