மூலைக் கட்டம்

செஸ் ஆட்டத்தில் கணினி, தன் வெள்ளைக் காய்களுக்கு ஆறு புள்ளி முன்னிலை என்று காட்டியது. குலசேகரனின் கருப்பு ராஜாவோ தனியாக, மூலைக் கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாகப் போய்ப் போய் வந்தது. "அதோட பிஷப்பு வெள்ளைக் கட்டத்துலதான் ஓடும். மிச்சமிருக்கிற ஓரச் சிப்பாய் ராணியாகணும்னா என் மூலைக்குத்தான் வரணும், அது கருப்பு. எத்தனை வருஷம் ஆடினாலும் டிராதான், இந்த மண்டுக்குத் தெரியல" என்று மனைவி பூங்கோதையிடம் சிரித்தார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தவர், மருத்துவமனையில் பேச்சற்றுக் கிடந்தார். ஜன்னல் வெயிலில் கட்டில் மிதப்பதுபோல் இருந்தது. தலைமாட்டுத் திரையின் எண்களைப் பார்த்த டாக்டர், "மனசைத் தேத்திக்குங்கம்மா, இனிமே ஒண்ணும் இல்ல" என்றார். கட்டம் போட்ட போர்வையின் மூலையில் குலசேகரனின் விரல் மெல்லப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. பிறகு மூலைக்கே திரும்பியது. அதைப் பார்த்த பூங்கோதை நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டாள்.

"உக்காருங்க டாக்டர். இப்ப நீங்க ஆடணும்."