படத்திறப்பும் தம்போலாவும்

"அழாதீங்கோ சிஸ்டர்" என்றார் பட்டாபி.

தெரசா அழவில்லை. வடை பொரிக்கும் பழைய எண்ணெயின் நாற்றம் தாங்காமல் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சீழையும் மலத்தையும் துடைத்தே காலம் போன நர்ஸ் அவள். அங்கெல்லாம் பொத்தாத மூக்கை இந்தக் காலனித் தமிழ் நூலகத்தின் வாசலில் பொத்த வேண்டியிருந்தது.

எண்ணெய் மட்டும் காரணமில்லை. வாசல் கரும்பலகையில் 'வரும் நிகழ்ச்சிகள்' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார்கள்: 'ஞாயிறு மாலை நான்கு மணி. அமரர் வில்பிரட் படத்திறப்பு. தொடர்ந்து தம்போலா. முதல் பரிசு பிரஷர் குக்கர். அனைவரும் வந்து மகிழ்க.'

வில்பிரட் அவள் கணவர். மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த நூலகத்தில்தான் கிடப்பார். கிழிந்த புத்தகங்களுக்கு மைதாப் பசை தடவி அட்டை போடுவார். எண்பத்து மூன்று ஜனவரியில் மாரடைப்பில் போனார். கல்லறைக்கு இந்தக் கமிட்டியிலிருந்து ஒரு தலைகூட வரவில்லை.

"அன்னிக்குப் பார்த்து ஒரே பனி சிஸ்டர், எதிர்ல வர ஆளே தெரியல்லே" என்று பிறகு ஒருநாள் பஸ்ஸில் வைத்துச் சொன்னார் செயலாளர் பட்டாபி.

இவர்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வீட்டில் வில்பிரட்டின் முகம் இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. அடையாள அட்டையை ஆபீஸ் திருப்பி வாங்கிக்கொண்டது. நாலு மாதத்துக்குள் அவர் கண் எப்படி இருந்தது என்பதே நினைவில் மங்க ஆரம்பித்து, அந்தப் பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. நூலகத்தார் எங்கிருந்தோ அவர் படத்தைத் தேடிப் பிடித்துப் பெரிசாக்கியிருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், வெறுப்பை முழுங்கிக்கொண்டு ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓடிவந்துவிட்டாள்.

"ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா சார்?"

"சஸ்பென்ஸ் சிஸ்டர்! தலைவர் துணியை விலக்கினப்புறம்தான் பார்க்கணும்."

மேடையில் துணி போர்த்திய சட்டத்துக்குப் பக்கத்திலேயே மாலைக்குத் தகராறு நடந்துகொண்டிருந்தது.

"போன வருஷம் கொடியேத்தினது நீர். மாலையாவது எனக்கு விடும்" என்று தலைவரிடம் மல்லுக்கு நின்றார் துணைத்தலைவர் ராமமூர்த்தி.

"யாராவது போட்டுத் தொலையுங்கோ. ஆறு மணிக்கு டி.வி.யிலே படம். ஒரு ஈ காக்கா இருக்காது" என்று பட்டாபி பதறினார். "அரே பையா, மைக் டீக் கரோ! ஜல்தி!" என்று மைக்கைச் சரிசெய்யச் சொல்லி மைக்காரனை விரட்டினார்.

தலைவர் பாலசுப்ரமணியம் பேச எழுந்தார். துண்டுச்சீட்டைப் பார்த்துப் பெயரைச் சரி செய்துகொண்டார்.

"வில்பிரட் என் உடன்பிறவாத் தம்பி. விழான்னு வந்துட்டா அவர் குரல்தான் முதல்ல கேக்கும். 'நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க'ன்னு எங்களைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருப்பார். தமிழன் ஒத்துமையா நிக்கணும்கிறதுல அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு வெறி!"

கை தட்டினார்கள். செத்தவருக்காகக் கூடிய கூட்டத்தில் கை தட்டுகிறார்களே என்று தெரசாவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவள் மடியில் யாரோ கட்டம் கட்டமாக எண்கள் அச்சடித்த தம்போலாச் சீட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "உங்களுக்கு ஃப்ரீ" என்று குனிந்து சொல்லிப் போனார்கள். அதைக் கசக்கிக் கீழே எறிந்தாள். ஒரு பார்வை. அது கிடைத்தால் போதும். அப்புறம் இந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுப்பதில்லை.

துணி விலகியது.

"அச்சா! அப்படியே உயிரோட இருக்கார்" என்றார் தலைவர்.

"அந்தச் சிரிப்பைப் பாருங்கோ! நம்ம வில்பிரட்டுக்கே உரிய சிரிப்பு!" ராமமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலை கடைசியில் அவருக்குத்தான் கிடைத்திருந்தது.

தெரசா யாரும் கூப்பிடாமலே மேடை ஏறினாள். தொட்டுப் பார்க்க நீட்டிய கை சட்டத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம், பேச்சே வரல்லே" என்று பட்டாபி மைக்கில் சொன்னார்.

"இந்தப் படம் எங்க கெடச்சுது சார்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் பட்டாபி மலர்ந்தார். "அதோ சுவத்துலே மாட்டியிருக்கே, நம்ம நூலகத் திறப்பு விழா குரூப் போட்டோ, அதுலேர்ந்துதான்! கமிட்டி மொத்தமும் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினோம். கடைசி வரிசை ஓரத்துலே நிக்கறார். ஏகமனதாத் தீர்மானம் போட்டு, அந்த முகத்தை மட்டும் பெரிசு பண்ணினோம். உங்களுக்கும் ஒரு காப்பி உண்டு சிஸ்டர், கவலைப்படாதீங்கோ."

தெரசா சுவரைப் பார்த்தாள். தலைவரும் செயலாளரும் துணைத்தலைவரும் மற்றவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எல்லோருமாக ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கோ" என்று மைக்கை அவள் பக்கம் திருப்பினார் பட்டாபி.

"அந்தப் போட்டோவ எடுத்ததே அவுகதான்."