முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன்

“அதைக் கழட்டி வெச்சுட்டு வண்டியை எடுப்பா.”

டிரைவர் மாணிக்கம் கழற்றவில்லை. கழுத்தில் தொங்கிய ஹெட்போனை இன்னும் கொஞ்சம் நேராக்கிக்கொண்டார்.

முன்சீட்டில் இருந்த தனபாலுக்கு ஏற்கனவே பயம். அம்பாசிடரின் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே மகள் வித்யாஸ்ரீ, ஒன்பது மாத வயிற்றோடு. மருமகனுக்கு மலைமேல் செம்மேட்டில் வேலை. அங்கே கட்டுச்சோறு விருந்து முடிந்து, பிரசவத்துக்கு மகளை அடிவாரத்தில் தன் ஊரான காளப்பநாயக்கன்பட்டிக்குக் கூட்டிப் போகிறார். சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே இறங்கிவிட்டார்கள். வேன் குலுக்கும் என்று மகளுக்கு மட்டும் இந்த வாடகைக் கார்.

இறங்க வேண்டியது எழுபது கொண்டை ஊசி வளைவு. டிரைவர் என்னடாவென்றால் பாட்டுக் கேட்கிற ஆள்.

“என்ன விலை அது?”

“முப்பதாயிரங்க. குருவிச் சத்தம் பிடிக்க வந்த ஜெர்மன்காரர் ஒருத்தர் குடுத்துட்டுப் போனாருங்க.”

“மேலே என்ன, கட்டையா?”

“ஏதோ சீமை மரமுங்க. காதுல படறது ஆட்டுத் தோலு.”

“பாட்டுக் கேக்கறதுக்கு மரமும் தோலும் எதுக்குப்பா? கட்டிலா செய்யறோம்?”

வித்யாஸ்ரீ சிரித்தாள். “மரத்துல செஞ்சா சத்தம் சுத்தமா இருக்குமாம்ப்பா. புக்குல போட்டிருந்துது.”

“உள்ளே இருக்கற சாமான் நல்லா இருந்தாப் பத்தாதா கண்ணு? மேலே எதுல செஞ்சா என்ன?”

“அப்படிச் சொல்லாதீங்க,” என்றார் மாணிக்கம், சாவியைத் திருப்பிக்கொண்டே. “இதுல மேலே இருக்கறதுதானுங்க எல்லாமே.”

பவுசைப் பார் என்று நினைத்துக்கொண்டார் தனபால்.

மாணிக்கம் ஹெட்போனைக் காதில் மாட்டினார். ஒயர் சட்டைப் பைக்குள் போனது. கார் கிளம்பியது.

அந்த மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிக்க வேண்டும். எதிர் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். மாணிக்கம் ஹாரனை ஒழுங்காக அடித்தார். ஆனால் பதில் ஹாரன் அந்தக் காதில் எப்படி விழும்?

“ஏப்பா, கீழே பஸ் வந்தா உனக்குக் கேக்குமா?”

மாணிக்கம் கியரை மாற்றினார்.

“டிரைவரே! உன்னையத்தான்!”

மாணிக்கத்தின் கண் ரோட்டை விட்டு அசையவில்லை.

“செவிட்டுப் பயலை நம்பிப் புள்ளத்தாச்சியை ஏத்திட்டனே!”

“அப்பா, நீங்க சும்மா வாங்க. ரோட்டை விட உங்க சத்தந்தான் எனக்குப் பயமா இருக்கு.”

சும்மா வர அவரால் முடியவில்லை. கீழிருந்து எண்ணி அறுபதாவது வளைவில் கத்தினார். ஐம்பதில் கெஞ்சினார். நாற்பத்தொன்று நெருங்கும்போது பொறுமை போய்விட்டது. முப்பதாயிரமாவது மண்ணாவது, பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கையை நீட்டினார்.

கார் சட்டென்று ஒதுங்கி, மலைச் சுவரை ஒட்டி நின்றது.

“என்ன, ஏன் நின்னுட்டே?”

ரோடு காலியாகத்தான் இருந்தது.

பிறகு வளைவுக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் மூக்கு வந்தது. மொத்த வளைவையும் அடைத்துக்கொண்டு, மாணிக்கத்தின் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி உறுமியபடி மேலே ஏறிப் போனது.

தனபாலுக்குச் சட்டை நனைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்திருக்க வேண்டும், அதனால் தப்பித்தோம். ஊர் போனதும் முதல் வேலை, கார் ஸ்டாண்டுத் தலைவர் காளியண்ணனிடம் சொல்லி இவன் இனி ஸ்டியரிங்கையே தொடாதபடி செய்வது.

வீட்டு வாசலில் கார் நின்றது. மாணிக்கம் ஹெட்போனைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, தலையணைகளையும் கட்டுச்சோற்றுப் பாத்திரத்தையும் இறக்கினார். வித்யாஸ்ரீ மெல்ல நடந்து உள்ளே போனாள்.

காளியண்ணனிடம் காட்டச் சாட்சி வேண்டுமே. தனபால் ஹெட்போனை எடுத்தார்.

ஒயரின் நுனியில் ஒன்றும் இல்லை. ஒரு முடிச்சு மட்டும் இருந்தது.

மரக் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதுவும் காலி. வெளிப்பக்கம் கம்பி வலை. காதில் வைத்தார். பின்கட்டில் கன்றுக்குட்டி கத்துவது தெளிவாகக் கேட்டது.

மாணிக்கம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“ஆகாய கங்கை அருவியில விழுந்து கெட்டுப் போச்சுங்க. அதனாலதான் ஜெர்மன்காரர் எனக்குக் குடுத்தாரு. உள்ளே இருந்ததை நாந்தான் நோண்டி எடுத்துப் போட்டேன்.”

“அப்புறம் எதுக்கு மாட்டறே?”

“முன்சீட்டுல உக்கார்றவங்க பயத்துல பேசிக்கிட்டே வருவாங்க. பதில் சொல்லலீனா கோவிச்சுக்குவாங்க. பதில் சொன்னா, கீழே ஏறி வர்ற வண்டி எனக்குக் கேக்காதுங்க. மொதல்ல பிளாஸ்டிக்குல நூறு ரூவாய்க்கு ஒன்னு வாங்கி மாட்டிப் பார்த்தேன். புடுங்கி வெச்சுட்டுப் பேசறாங்க. மரமும் தோலுமா இருக்கவும் இதைத் தொட யோசிக்கறாங்க.”

தனபால் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “அப்போ நான் திட்டுனதெல்லாம்?”

“கேட்டுதுங்க. அந்த பஸ்ஸும் கேட்டுது.”

அதற்குள் மேலே போக வேண்டிய ஒருவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “ஏனுங்க டிரைவர், மேலே மழைங்களா? பலாப்பழம் இந்த வருசம் என்ன விலைங்க? ஏனுங்க, பிரேக்கெல்லாம் புடிக்குமுங்களா?”

தனபால் தோள் துண்டால் ஹெட்போனைத் துடைத்தார். மாணிக்கத்தின் காதில் தானே மாட்டிவிட்டு, ஒயர் நுனியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பிறகு குனிந்து, ஜன்னல் வழியாக அந்த ஆளிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

“அவரு பாட்டுக் கேக்கற ஆளுங்க. பேச்சுக் குடுக்காதீங்க. முப்பதாயிரம் ரூவா சாமானுங்க அது, கையை கிய்யை வெச்சுடாதீங்க!”