மத்தியான மருந்து

"உந்தப் பாணி மருந்தைக் கொண்டுபோய் வாழைக்குள்ளை ஊத்து! என்ரை பேத்திக்கு உந்த நஞ்சு வேண்டாம்!"

தம்பிஐயா போட்ட சத்தம் நீர்வேலிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

மருமகள் தக்சாயினி போத்தல் மூடியைத் திறந்தாள். மருந்தைச் சிறிஞ்சுக்குள் இழுத்தாள். மூன்று வயது மகள் யதுர்சாவை மடியில் இருத்தி, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது.

"எங்கடை காலத்திலை காது நொந்தால் உள்ளியை எண்ணெயிலை காய்ச்சி விடுறது. ஆர் செத்தது?"

"மாமா, காதுக்குள்ளை சீழ். எண்ணெய் விடவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவா."

"டொக்டர்! உவையளுக்கு என்ன தெரியும்?"

யதுர்சாவுக்கு இந்த வருஷம் இது மூன்றாந்தரம். முந்திய இரண்டு தரமும், காய்ச்சல் விட்டுப் பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியதும் மருந்தை இடையில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவர் தம்பிஐயா.

இந்தமுறை டொக்டர் பிள்ளையை நிறுத்துப் பார்த்து, அந்த நிறைக்குத் தக்க அளவைச் சொல்லி, கண்டிப்பாக அனுப்பியிருந்தார்.

"காதுநோ மாறினாலும் நிப்பாட்டக்கூடாது. காலமை, மத்தியானம், இரவு, ஒரு வேளையும் தவறக்கூடாது. இனியும் திரும்பி வந்தால் ஒப்பரேசன்தான். பிள்ளைக்குக் காது கேக்கிறது குறைஞ்சால் பேச்சும் பிந்திப்போகும்."

காலையும் இரவும் தக்சாயினி பார்த்துக்கொள்வாள். மத்தியானம்தான் சிக்கல். அவள் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பின்னேர வகுப்பும் முடித்துத்தான் வீடு வருவாள்; அதுவரை பிள்ளை தம்பிஐயாவோடுதான்.

"நான் தோட்டத்தாலை வந்து குடுக்கிறன். நீர் யோசியாதையும்," என்றான் கணவன் கஜானன்.

மறுநாள் பின்னேரம், தக்சாயினி வேலையால் வந்த சிறிது நேரத்தில், யதுர்சா வீட்டுக்கு முன் ஒழுங்கையில் குந்தியிருந்து மண் அளைந்துகொண்டிருந்தாள். வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று அவளுக்குப் பின்னால் வந்தது. ஓட்டி வந்தவன் ஹோர்ன் அடித்தான். பிள்ளை திரும்பவில்லை.

"யது! யது!"

வாசல் படலையில் நின்று தம்பிஐயா கத்தினார். அதற்கும் திரும்பவில்லை. கட்டியிருந்த சறம் காலில் தடக்கத் தடக்க ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் மருமகளின் மேல் பாய்ந்தார்.

"பிள்ளையைப் பாக்கத் தெரியாதோ உனக்கு? மருந்து குடுக்கிறாவாம், மருந்து!"

பிள்ளையை மட்டும் தோளை விட்டு இறக்கவேயில்லை.

தக்சாயினி குசினிக்குள் போய் அழுதாள். ஆனால் மருந்தை நிறுத்தவில்லை.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து கஜானனுக்குப் போன் எடுப்பாள்.

"குடுத்தாச்சோ?"

"ஓம் ஓம், குடுத்தாச்சு."

போத்தலில் மருந்தும் சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. காய்ச்சல் விட்டது. காதால் வடிந்த சீழும் நின்றது. நோ போன பிறகும் அவள் விடவில்லை. சிறிஞ்சோடு அவளைக் கண்டால் தம்பிஐயா முணுமுணுத்துக்கொண்டு முற்றத்துக்கு எழும்பிப் போய்விடுவார். படலைக்கு வருகிறவர்களிடமும், "மருமகள் பிள்ளைக்கு நஞ்சு பருக்கிறா," என்று சொல்லுவார். அவளுக்கும் அது காதில் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மருந்து முழுவதும் முடிந்து, திரும்பக் காட்டச் சொன்ன நாள் வந்தது. எல்லோரும் போனார்கள். "சும்மா காத்து வாங்க வாறன்," என்று தம்பிஐயாவும் வாடகைக்குப் பிடித்த வானில் ஏறிக்கொண்டார்.

டொக்டர் லைற் அடித்து இரண்டு காதையும் பார்த்தார். பிறகு பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"யதுர்சா, ஐஸ்கிறீம் வேணுமோ?"

"ஓம்!" என்று பிள்ளை சடக்கென்று திரும்பியது.

தக்சாயினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்லாச் சுகம். செவிப்பறை வடிவாய் இருக்கு. ஒப்பரேசன் ஒண்டும் தேவையில்லை," என்றார் டொக்டர்.

இந்த நாளுக்காகத்தான் தக்சாயினி காத்திருந்தாள். மாமனாரை நேராகப் பார்த்தாள்.

"கேட்டியளோ மாமா? நீங்கள் நஞ்செண்டு சொன்ன மருந்துதான் என்ரை பிள்ளையின்ரை காதைக் காப்பாத்தினது."

தம்பிஐயா மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்தார்.

"கன பேர் மத்தியான மருந்தைத்தான் விட்டிடுறவை," என்றார் டொக்டர். "உங்கடை வீட்டிலை ஆர் குடுத்தது?"

"இவர்தான் டொக்டர். தோட்ட வேலையையும் போட்டிட்டு ஓடி வந்து குடுத்தவர்," என்று தக்சாயினி பெருமையோடு கணவனின் தோளைத் தொட்டாள்.

கஜானன் தலையைச் சொறிந்தான். தகப்பனைப் பார்த்தான். தகப்பன் அவசரமாகக் கண்ணைக் காட்டினார்.

ஆனால் இப்போது எல்லாமே நன்றாகக் கேட்கிற யதுர்சா முந்திக்கொண்டாள்.

"அப்பா இல்லை. அப்பப்பாதான் தாறவர். அம்மாட்டைச் சொல்லக்கூடாதாம். அப்பப்பாக்கு வெக்கமாம்!"