பூசையில் வைத்த கணினி

மறுபடியும் அதே நீலத்திரை.

நிறுவலைத் தொடர முடியவில்லை, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலவும் என்றது.

அவன் மறுதொடக்கம் செய்தான். வட்டம் சுழன்றது. நின்றது. நீலமானது.

பென்டிரைவை மாற்றிப் பார்த்தான். பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தான். சரிசெய்யும் பக்கத்துக்குள் நுழைந்து, அது கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னான். அழிந்த கோப்புகளைத் தேடித்தரும் மென்பொருளும் கடைசியில் கையை விரித்தது.

பழையது போய்விட்டது. புதியது வந்து சேரவில்லை.

கட்டிலில் இருந்து அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோய் அவர் உடம்பை ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்து, கண்களையும் வலது சுட்டுவிரலையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்த விரலுக்காகவே ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான் கல்லூரித் தோழன் ஒருவன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்து வந்ததும் அப்பா பொத்தானை அழுத்துவார். சேர்ந்த சொற்களைக் கணினி செய்தி வாசிப்பவர் குரலில் பேசும்.

"இத்தன வருசத்துல உங்கொப்பன் இப்பத்தான் கண்ணு மருவாதியாத் திட்டறாரு" என்று அம்மா சிரிப்பாள்.

தோழன் போன ஆண்டு விபத்தில் இறந்துவிட்டான். நிரலுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று இவன் நினைத்துக்கொண்டே இருந்தான்.

வேறு நிரல் வாங்கலாம். ஆனால் இதைப் பழகவே அந்த விரலுக்கு ஓராண்டு பிடித்தது. இப்போது விரலும் நடுங்கத் தொடங்கிவிட்டது.

கொஞ்ச நாளாகக் கணினி, சொல்லுக்கு நடுவில் திணறியது. அதனால்தான் காலையில் புதிய இயங்குதளம் போடத் தொடங்கினான். அது பாட்டுக்கு ஏறட்டும் என்று பொரி வாங்கக் கடைவீதிக்குப் போனான். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆயுத பூசை. வீட்டில் உழைக்கும் எல்லாமே இன்றைக்கு ஓய வேண்டும்.

அம்மா தையல் இயந்திரத்தைத் துடைத்தாள். அரிவாள்மணையைக் கழுவினாள். பிறகு கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். எல்லாவற்றிலும் அதற்குத்தான் பெரிய பொட்டு.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவளுடைய முதுகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். நில் என்று சொல்ல அவரிடம் இருந்தது அந்தக் கணினி ஒன்றுதான்.

வாசற்படியில் அம்மா வந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் எதையாச்சும் கெடுத்துப்போட்டனா கண்ணு?"

அவன் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"இல்லம்மா. டிஸ்க்கு தேஞ்சுபோச்சு. நேத்தே போயிருக்கும், இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் நம்பவில்லை. முகம் பார்க்காமல் மகன் பேசினால் அது என்னவென்று பெற்றவளுக்குத் தெரியாதா?

கட்டிலுக்குப் போனாள்.

அந்த மனிதர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. சந்தையில் மாடு விற்கப்போனால், முட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி விற்றவர். அதற்காக அவளிடம் எத்தனையோ முறை பேச்சு வாங்கியவர்.

"ஏனுங்க, இவன் சொல்றது நெசந்தானுங்களா? ஆமான்னா கண்ண மூடுங்க. இல்லீன்னா அப்படியே இருங்க. நான் ஒண்ணும் அழுக மாட்டேன்."

அப்பா அவளைப் பார்த்தார்.



அவன் கைகள் விசைப்பலகைமேல் அசையாமல் நின்றன.

அப்பா கண்களை மூடினார்.

அவள் பெருமூச்சு விட்டு, அவர் நெற்றியைத் துடைத்து, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கும் வரைக்கும் அவர் அவற்றைத் திறக்கவில்லை.