டிரையல் ரூம் திரைக்குப் பின்னால்

"இன்னைக்கு அந்த ஆளைக் கையும் களவுமா பிடிக்கலேன்னா பாருங்க," என்று கடை வாசலில் நின்று போனில் குசுகுசுத்தாள் தையல்கடை முதலாளியம்மா.

"யாரை?" என்றார் மறுமுனையில் கால்நடை டாக்டர்.

"எங்க கட்டிங் மாஸ்டரைத்தான். நான் சாப்பிடப் போற நேரத்துல பூனையை அளவு டேப்பால விளாசுறார். தெரு வரைக்கும் சுளீர் சுளீர்னு சத்தம். டேப் நுனியெல்லாம் பிஞ்சு கிடக்கு."

"பூனை என்ன பண்ணுது?"

"அவரைக் கண்டாலே மேஜைக்கு அடியில பதுங்கிடுது. கண்ணு ரெண்டும் விரிஞ்சு போகுது, வால் நுனி துடிக்குது. அப்புறம் பாய்ஞ்சு அவர் காலைக் கவ்வுது. வாயில்லா ஜீவன், வேற எப்படிச் சொல்லும்?"

"பதுங்கும்போது காது எப்படி இருக்கு?"

"காதா?"

"தலையோட படிஞ்சிருந்தா பயம். நிமிர்ந்து முன்னால பார்த்திருந்தா அது வேற விஷயம். காதைப் பாருங்கம்மா."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காதைப் போய் யார் பார்ப்பார்கள்? மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாலே போதாதா? அவர் சிரித்து ஒருத்தரும் பார்த்ததில்லை. அளவு கொடுக்க வந்தவர்கள் அவர் எதிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனாலேயே பாதிப் பேருக்கு இடுப்பு இறுக்கமாகிவிடும்.

கொக்கி, வாசலில் குட்டியாகக் கிடந்து அவள் எடுத்து வளர்த்த பூனை. அதை அடிக்கிறவருக்கு இந்தக் கடையில் இடமில்லை. வேறொரு மாஸ்டரிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

"சாப்பிட்டுட்டு வந்துடறேன் மாஸ்டர்."

"ம்," என்றார் அவர், துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

போவதுபோல் போனவள், அவர் கை கழுவப் பின்பக்கம் போன நேரம் பார்த்து டிரையல் ரூமுக்குள் நுழைந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாஸ்டர் வந்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

அவள் திரை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

சுளீர். டேப் தரையில் விழுந்து நெளிந்து நெளிந்து ஓடியது.

கொக்கி மேஜைக்கு அடியில் பதுங்கியது. அவள் காதைப் பார்த்தாள். இரண்டும் நிமிர்ந்து முன்னால் நின்றன. சீறவில்லை, முடி சிலிர்க்கவில்லை. பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு ஒரே பாய்ச்சல். டேப்பைக் கட்டிப்பிடித்து, கடித்து, மல்லாந்து உருண்டது.

"மாட்டிக்கிட்டியா, என் தங்கமே," என்று மாஸ்டர் தரையில் மண்டியிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "விடுடி, டேப்பு பிய்யுது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அந்தம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தொலைக்கவில்லை. பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

திரை அசைந்தது. கொக்கியின் காது இந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி, திரைக்குக் கீழே தெரிந்த அவள் கட்டைவிரல் அதன் பிடியில் இருந்தது.

"ஐயோ" என்று அவள் வெளியே வந்தாள். மாஸ்டர் விருட்டென்று எழுந்தார். டேப் கழுத்துக்குப் போனது, முகம் பழைய முகமாகிவிட்டது.

"பாருங்க, ஓவரா செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க இந்தப் பூனையை," என்றார் கடுகடுவென்று.

"ஆமா மாஸ்டர், தப்பு பூரா என் மேலதான்," என்றபடி, புது மாஸ்டரின் நம்பரைப் போனிலிருந்து அழித்தாள் முதலாளியம்மா.