பழுப்பு ஏறாத ஓரம்

கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். திசுவின் ஓரம் முழுக்க வெளிறிக் கிடந்தது.

பழுப்பாக இருந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடியில் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருக்கிற இடமெல்லாம் எங்கள் சாயம் பழுப்பாக ஏறும். இதில் ஏறவே இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தகடும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்த வகைப் புரதங்கள் உடம்பில் எங்கே இல்லை? குடலில், தோலில், நுரையீரலில், கண்ணின் லென்ஸில்கூட உண்டு. இடத்துக்கு ஒரு வேலை. நஞ்சுக்கொடியில் வாசல் காக்கிற வேலை. தாயின் வெள்ளணுக்கள் சண்டைக்கு வந்தால், அவற்றின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்து, ‘நம்ம ஆளுதான், போ’ என்று அடக்கி அனுப்பும். அது குறைந்தால் கரு தங்குவது கஷ்டம்.

நஞ்சுக்கொடி தாயுடையது என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பிள்ளையோடு சேர்ந்து முளைப்பது. பாதி அப்பன் கொடுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இந்தத் திசுவின் ரிப்போர்ட்டை வாங்க மாமியாரும் மருமகளும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். மருமகளுக்கு இருபத்து மூன்று வயதாம், படிவத்தில் இருந்தது. இது இரண்டாவது கருச்சிதைவு. பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி இருந்தாள்.

மகன் மேலே வரவில்லை. கீழே வண்டியில் இருக்கிறானாம். இளகிய மனசாம், ஆஸ்பத்திரி வாடை ஆகாதாம். அடேயப்பா, என்ன மனசு!

காலையில் ரசீதை நீட்டும்போதே அந்த அம்மா ஜன்னலில் குனிந்து, மருமகள் காதிலும் விழட்டும் என்று சொன்னாள்.

"எங்க பையன் மேல ஒரு குறையும் இல்லம்மா. இவ உடம்புலதான் கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, இன்னிக்கே கொண்டுபோய் அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துடுவோம்."

முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

டாக்டர் தகட்டைப் பார்த்தார். குறை அப்பா வழியாகவும் வந்திருக்கலாம் என்றார். ஆனால் அந்த ஆளைக் கூப்பிட ஒரு முகாந்திரம் வேண்டுமாம். அவனுக்கு முன்பே ஒரு மனைவி இருந்து, அவளுக்கும் இப்படிக் கலைந்திருந்தால், முதலில் அவன் ரத்தத்தைத்தான் எடுக்கச் சொல்வாராம்.

படிவத்தைப் புரட்டினார். போன வாரம் அந்த அம்மா தன் கையால் நிரப்பியது. ‘கணவருக்கு முந்தைய திருமணம்’ என்ற வரிக்கு எதிரே குண்டு குண்டாக ‘இல்லை’ என்று இருந்தது.

"அப்புறம் என்ன பண்றது? பொண்ணுக்கே எல்லா டெஸ்டும் எழுதிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தார்.

அந்த ‘இல்லை’யைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேனாவை நன்றாக அழுத்தி எழுதியிருந்தாள். கை நடுங்கிய தடயமே இல்லை. எனக்குத்தான் ஆத்திரத்தில் கண் எரிந்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடப் போகலாம். அந்தப் பெண் சாயங்காலம் பையோடு அம்மா வீட்டு வாசலில் நிற்பாள். கொஞ்ச நாளில் இவர்கள் இன்னொருத்தியைக் கொண்டுவருவார்கள். அவளுடைய திசுவும் இதே மேசைக்கு வரும்.

‘இல்லை’யை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் ‘உண்டு’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, ‘அந்த மனைவிக்குக் கருச்சிதைவு: மூன்று’ என்று எழுதி, மூன்றுக்கும் மாதம், வருடம் போட்டேன்.

படிவத்தில் எதை அடித்தாலும், விவரம் கொடுத்தவரே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் விதி.

பெஞ்சுக்குப் போய் நீட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். முகம் செத்துப்போனது. மருமகள் எட்டிப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

"எவ சொன்னா இதெல்லாம்?"

முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, பேனாவைத் திறந்து கொடுத்தேன்.

"நான்தான் சொன்னேன். கையெழுத்துப் போடுங்க, அத்தை."